டர்பன்டைன் வேற, டின்னர் வேற

முதல்ல ஒரு வாக்குமூலம். ஆவடியில டாங்கி செய்யறாங்க. அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல, குத்தம்பாக்கத்துல உக்காந்துகிட்டு நான் ஒரு டாங்கியைக் கரைச்சேன்.

பதறாதீங்க, நிஜ டாங்கி இல்லை. முப்பத்தஞ்சுல ஒரு பங்கு அளவுல வர்ற பிளாஸ்டிக் டாங்கி. ரஷ்யாக்காரங்க டி-72ன்னு சொல்றது, நம்ம ராணுவத்துல 'அஜேயா'ன்னு பேரு வச்சிருக்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். வீட்ல சொன்ன விலை எண்ணூறு (ஹிஹி). ரெண்டு மாசம், ராத்திரி ராத்திரி ஒட்டினேன். பொட்டி தட்டிட்டு ஒம்போது மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுட்டு, ஒரு மணி நேரம் சக்கரம் சக்கரமா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். பெயிண்ட் அடிக்கிற அன்னைக்கு எல்லாம் போச்சு.

நடந்தது இதுதான். வெளிநாட்டு எனாமல் பெயிண்ட் பதினாலு மில்லி டப்பா, எனக்குக் கிடைச்ச விலை முந்நூறுக்குக் கிட்ட. அதுக்குன்னு தனியா விக்கிற தின்னர் அதை விட ஜாஸ்தி. நாமதான் சிக்கனத் திலகமாச்சே. நேரா ஹார்ட்வேர்ஸ் கடைக்குப் போய், "அண்ணே, எனாமல் பெயிண்ட்ல கலக்க டின்னர் குடுங்க"ன்னு கேட்டேன். கடைக்காரர் டின்னர் குடுத்தார். அவர் மேல ஒரு தப்பும் இல்லை. நான் கேட்டதைத்தான் குடுத்தார். பெயிண்ட்ல ஊத்திக் கலக்கி, பிரஷ்ல தொட்டு, டாங்கியோட பின்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன். அழகா இருந்துச்சு. ரெண்டாவது இழுப்புல பிரஷ் வழுக்கலை, ஒட்டுச்சு. மூணாவது இழுப்புல ஆணித்தலை மாதிரி இருக்கிற சின்னச் சின்ன ரிவெட் எல்லாம் நெய் மாதிரி இழுபட்டுது. கைரேகை பதியற அளவுக்குப் பிளாஸ்டிக் இளகிப் போச்சு.

ராத்திரி பதினோரு மணி. சத்தம் போட்டு அழக்கூட முடியாது. எண்ணூறு ரூபாய்க்கு எவனாவது அழுவானா?

மறுநாள் பெரியப்பா வந்திருந்தார். பூந்தமல்லி பக்கம் முப்பது வருஷமா பெயிண்டர் வேலை. வீட்டு ஜன்னல், கேட்டு, கிரில், லாரி பாடி, எல்லாம் அடிச்ச கை. கரைஞ்ச டாங்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தடவை மோந்து பார்த்தார்.

"டேய், இதுல என்.சி. டின்னரையா ஊத்தின? எனாமலுக்கு டர்பன்டைன்தானேடா? நாலு வருஷம் இன்ஜினியரிங்ல என்னத்தைடா படிச்ச?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ், பெரியப்பா."

"அதான் பார்த்தேன்."

அன்னையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் படிச்சது, கேட்டது, கெடுத்துக் கத்துகிட்டது எல்லாத்தையும் சேர்த்து என் கட்சியைச் சொல்றேன். இந்த விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, "டப்பா மேல எந்தக் கம்பெனி பேரு இருக்கோ அதே கம்பெனி தின்னர்தான் ஊத்தணும், காசு இல்லன்னா இந்த வேலைக்கே வராதே"ங்கும். இன்னொரு கட்சி, "எதை ஊத்தினாலும் கரையும், பெட்ரோல் ஊத்து, மண்ணெண்ணெய் ஊத்து"ங்கும். ரெண்டுமே தப்புங்கிறது என் கட்சி.

கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, பிளஸ் டூ அளவுதான்.

எனாமல் பெயிண்ட்ங்கிறது பெரும்பாலும் ஆல்கைட்ங்கிற பிசின், நிறப்பொடி, அதை இளக்கி வச்சிருக்கிற ஒரு கரைப்பான், காய வைக்கக் கொஞ்சம் மருந்து. இது ரெண்டு கட்டமா காயும். முதல்ல கரைப்பான் ஆவியாப் போகும். தொட்டா ஒட்டாத நிலைமை வந்துடும். அதுக்கப்புறம் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட அந்தப் பிசின் சேர்ந்து மெதுவா இறுகும். தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், நகத்தால அழுத்தினா பள்ளம் விழும். அந்த அரைகுறை நிலையில ரெண்டாவது கோட்டிங் அடிச்சா, மேல இருக்கிற கரைப்பான் கீழ இறங்கி, தோல் சுருங்கற மாதிரி சுருக்கம் விழும். "ஒரு ராத்திரி விடுடா"ன்னு பெரியப்பா சொல்றதுக்குப் பின்னாடி இவ்ளோ சயின்ஸ் இருக்கு. அவர் அதைச் சயின்ஸ்னு சொல்றதில்லை. அவ்ளோதான் வித்தியாசம்.

ஹார்ட்வேர்ஸ் கடையில 'டர்பன்டைன்'னு குடுக்கிறது மினரல் டர்பன்டைன். பைன் மரத்துப் பிசின்லேர்ந்து வடிக்கிற ஒரிஜினல் டர்பன்டைன் இல்லை, பெட்ரோலியத்துலேர்ந்து வர்றது. ஏறக்குறைய 145 டிகிரியிலேர்ந்து 205 டிகிரிக்குள்ள கொதிக்கிற சரக்கு. வெளிநாட்டுல ஒயிட் ஸ்பிரிட்னு சொல்றதோட சித்தப்பா பையன். ஹாபிக் கடையில கண்ணாடிப் பாட்டில்ல எனாமல் தின்னர்னு விக்கிறதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். இன்னும் சுத்தம் பண்ணி, நாத்தம் குறைச்சு, அழகா லேபிள் ஒட்டி இருப்பாங்க.

டின்னர்னு பொதுவா கேட்டா கடையில குடுக்கிறது என்.சி. டின்னர். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கருக்கானது. மரச்சாமான் பாலிஷுக்கும், டிங்கரிங் ஷெட்டுல வண்டிக்கு அடிக்கவும் உபயோகம். அதுல டொலுவீன், அசிட்டோன் மாதிரி உக்கிரமான ஆசாமிங்க இருப்பாங்க. நம்ம கிட் எல்லாம் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதைக் கரைச்சு ஒட்டறதுக்குப் பசையா விக்கிற சாமானோட நெருங்கின சொந்தம்தான் இந்த டின்னர். அதை பிரஷ்ல தொட்டுத் தடவினா டாங்கி பசையாகாம வேற என்ன ஆகும்? ஏர்பிரஷ்ல லேக்கர் தின்னர் கலந்து அடிக்கிற கில்லாடிங்க இருக்காங்க, இல்லைங்கலை. பொடிப்பொடித் துளியா போய், பிளாஸ்டிக்கைக் கடிக்கிறதுக்குள்ள காஞ்சுடும். பிரஷ்ல அந்த வித்தை நடக்காது.

மண்ணெண்ணெய்? கரைக்கும். ஆனா ஆவியாக ரொம்ப நேரம் ஆகும், எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், காயவே காயாது. பிரஷ் கழுவ வேணா வச்சுக்குங்க, அதுக்கப்புறம் சோப்புத் தண்ணியில ஒரு தடவை அலசிடுங்க. பெட்ரோல்? தயவுசெஞ்சு வேண்டாம். பிளாஸ்டிக்கும் போகும், வீடும் போகும்.

இப்போ பட்ஜெட் கணக்கு. ஏசியன் பெயிண்ட்ஸ் ஆப்கோலைட், பெர்ஜர் லக்ஸால்னு வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமலும் அதே ஆல்கைட் வம்சம்தான். சின்ன டப்பா வாங்கினாலே பல டாங்கிக்கு வரும். டர்பன்டைன் ஒரு லிட்டர் வாங்கினா ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. ரெண்டும் சேர்த்து, முந்நூறு ரூபாய் பதினாலு மில்லி டப்பாவோட விலைக்குள்ள முடிச்சிருக்கேன்.

அப்போ ஹாபிப் பெயிண்ட் வாங்கறவன் எல்லாம் முட்டாளா? இல்லீங்க. வித்தியாசம் நிஜமாவே இருக்கு, அதை மறைச்சா நான் பொய் சொன்னவன் ஆவேன். வீட்டு எனாமல்ல நிறப்பொடி அவ்வளவு நைஸா இருக்காது. கெட்டியா அடிச்சா ரிவெட், கோடு எல்லாம் மூடிப் போகும். அதுவும் தவிர, பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கும். போர் டாங்கி கல்யாண மண்டபத்து வாசக்கதவு மாதிரி மின்னினா நல்லாவா இருக்கும்? அதனாலதான் இளக்கறது முக்கியம். இளக்கறதுங்கிறது வெறும் தண்ணியாக்கறது இல்லை. அளவு தெரியணும்.

நான் பண்றது இது. டப்பாவைக் குலுக்கறதில்லை, குச்சி விட்டு அஞ்சு நிமிஷம் அடியிலேர்ந்து கிளறுவேன். நிறம் எல்லாம் அடியிலதான் உக்காந்திருக்கும். மேல ஆடை கட்டியிருந்தா கிளறுறதுக்கு முன்னாடியே எடுத்து எறிஞ்சுடணும், உள்ள கலக்கினா திரி திரியா வரும். வேணுங்கிற அளவு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்துல எடுத்து, பழைய நைலான் சாக்ஸ்ல வடிகட்டுவேன். மெடிக்கல் ஷாப்ல அஞ்சு மில்லி சிரிஞ்ச் வாங்கி வச்சிருக்கேன், ஊசி இல்லாம. பிரஷ்ஷுக்குன்னா பெயிண்ட் மூணு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்குல ஆரம்பிப்பேன். ஏர்பிரஷ்ஷுக்குன்னா ஏறக்குறைய சரிக்குச் சரி. இது ஆரம்பம்தான், முடிவு இல்லை. கிண்ணத்தைச் சாய்ச்சுப் பார்த்தா பால் மாதிரி ஓரத்துல ஒரு மெல்லிசான படலம் விட்டு இறங்கணும். தயிர் மாதிரி நின்னா இன்னும் ரெண்டு சொட்டு. தண்ணி மாதிரி ஓடிட்டா ஜாஸ்தி. ஜாஸ்தியானா பிசின் பத்தாம, காஞ்சதுக்கப்புறம் சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டும்.

நேரா மாடல் மேல போகக் கூடாது. கிட்ல பாகங்களைப் பிடிச்சுகிட்டு இருக்கிற பிளாஸ்டிக் சட்டம் இருக்கு பாருங்க, அதுல முதல்ல அடிச்சுப் பாருங்க. அதுவும் அதே பிளாஸ்டிக்தானே. அன்னைக்கு ரெண்டு நிமிஷம் இதைச் செஞ்சிருந்தா என் அஜேயா இன்னிக்கு அஜேயமா அலமாரியில நின்னிருக்கும்.

மெல்லிசா ரெண்டு மூணு கோட்டிங். நடுவுல ஒரு முழு நாள். ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டு நாள். பளபளப்பைக் குறைக்க மேல மேட் வார்னிஷ், இல்லன்னா சாட்டின் எனாமல்னே கேட்டு வாங்கலாம். பவுடர் கலந்தா மேட் ஆகும்னு கேள்விப்பட்டு முகத்துக்குப் போடற டால்கம் பவுடரைக் கலந்தும் பார்த்தேன். மேட் ஆச்சு. கூடவே ரவை உப்புமா மாதிரியும் ஆச்சு :-)

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. டர்பன்டைன் சாதுவான ஆள்தான், ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. அழுக்கு படிஞ்ச மாதிரி காட்ட, கறுப்பு எனாமலை ரொம்பத் தண்ணியாக் கலக்கி இடுக்குகள்ல ஓட விடுவோம் இல்லையா? பெயிண்ட் அடிக்காத வெறும் பிளாஸ்டிக் மேல அதைக் குளம் மாதிரி தேங்க விட்டா, இறுக்கமாச் சொருகின இடத்துல எல்லாம் விரிசல் விடும். முதல்ல பெயிண்ட் அடிச்சு, காய விட்டு, அப்புறம் கொஞ்சமாத் தொட்டு விடுங்க. தெர்மோகோல் மேல மட்டும் எனாமலே வேண்டாம். அது பாலிஸ்டைரீனை நுரையா ஊதினது. டர்பன்டைனே அதைத் தின்னுடும்.

சரி, இவ்ளோ ஏன் எழுதறேன்னா...

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க தெருவுல எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான். சன்போர்டு வெட்டி பஸ் செய்வான். கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், ஜன்னல் கம்பி கூட உண்டு. குத்தம்பாக்கத்துல புது பஸ் நிலையம் கட்ட ஆரம்பிச்சதிலேர்ந்து பையனுக்குப் பஸ் பைத்தியம் முத்திடுச்சு. ஒருநாள் என் மேஜையைப் பார்த்துட்டு, "அண்ணா, என் பஸ்ஸுக்கும் இந்த மாதிரி பெயிண்ட் அடிக்கலாமா?"ன்னு கேட்டான். நான் பெரிய மேதாவி மாதிரி, "இதெல்லாம் இம்போர்ட்டட் பெயிண்ட்டுடா, ரொம்பக் காஸ்ட்லி"ன்னு சொன்னேன். சரிண்ணான்னு போயிட்டான். அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசம் எங்க வீட்டுப் பக்கமே வரலை.

டாங்கி கரைஞ்சது கூட எனக்கு அவ்ளோ வலிக்கலை. இது வலிச்சுது. ஏன்னா நான் சொன்னது பொய். தெரிஞ்சு சொன்ன பொய் இல்லை, எனக்கே தெரியாம சொன்னது. அவனுக்கு வேண்டியிருந்தது எல்லாம் தெருமுனை கடையில இருந்துச்சு. அதைச் சொல்றதுக்கு எனக்குத் தெரியலை. தெரிஞ்ச பெரியப்பாகிட்ட நான் ஒருநாளும் கேட்டதும் இல்லை.

யோசிச்சுப் பாருங்க. ஆவடியில 1961லயே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தாச்சு. 1965ல முதல் விஜயந்தா டாங்கி அங்கேர்ந்து வெளிய வந்துச்சு. அப்புறம் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். 2021ல அர்ஜுன் மார்க் 1ஏ-வைச் சென்னையில வச்சுத்தான் பிரதமர் ராணுவத்துகிட்ட ஒப்படைச்சார். இந்தப் பக்கம் எத்தனை வீட்ல வெல்டர், பிட்டர், பெயிண்டர்! நிஜ வண்டிக்குப் பெயிண்ட் அடிச்ச கைங்க தெருவுக்கு நாலு இருக்கு. அந்தத் தெருவுல ஒரு பொம்மை வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க, ஜப்பான்லேர்ந்து பாட்டில் வரணும்னு ஒரு பையன்கிட்ட நான் சொல்லியிருக்கேன்.

கிட் விலை நம்ம கையில இல்லை. சுங்கவரிக் கணக்குல ஸ்கேல் மாடலும் பொம்மையும் ஒரே தலைப்புல, 9503ல வருது. 2020 பட்ஜெட்ல அந்த வரி 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காப்பாத்தன்னு சொன்னாங்க, அந்த நியாயம் எனக்கும் புரியுது. ஆனா நான் பார்த்த கடைகள்ல இருந்த பிளாஸ்டிக் கிட் எல்லாம் வெளிநாட்டுதுதான். அதனால கிட் வாங்கறதே ஒரு தடை. அந்தத் தடை மேல, "ஒரிஜினல் தின்னர் இல்லாம தொடாதே"ன்னு நாமளும் ஒரு தடை போட வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து. எங்க ஊர்ல 1996ல ஊராட்சித் தலைவரா வந்த இளங்கோ ஒரு கெமிக்கல் இன்ஜினியர். நமக்கு வேண்டியதைச் சுத்துப்பட்டு ஊர்களுக்குள்ளயே செஞ்சு வாங்கிக்கணும்ங்கிறது அவர் பேசின பொருளாதாரம். பெரிய விஷயத்துக்குச் சொன்னது. என் சின்ன மேஜைக்கும் பொருந்துது.

ஆனா சிக்கனத்துக்கும் ஒரு கோடு போடணும். அந்தக் கோட்டையும் பெரியப்பாதான் காட்டினார், அவருக்கே தெரியாம. அவருக்கு இப்ப சாயங்காலம் ஆனா தலைவலி, மாடி ஏறினா மூச்சு வாங்குது. முப்பது வருஷம், மூடின ரூம்ல, முகத்துல துண்டு கூடக் கட்டாம. வேலை முடிஞ்சதும் டின்னர்லயே கையைக் கழுவுவார். அதனாலதான் இப்படின்னு நான் டாக்டர் மாதிரி சொல்ல வரலை. ஆனா அந்த ஆவி உடம்புக்கு நல்லதில்லைங்கிறதுல சந்தேகமே வேண்டாம். பெயிண்ட்ல மிச்சம் புடிங்க. காத்துல மிச்சம் புடிக்காதீங்க. ஜன்னலைத் திறங்க, மொட்டை மாடிக்குப் போங்க. ஏர்பிரஷ்னா ஆவிக்கான பில்டர் வச்ச மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மினரல் டர்பன்டைன் 30, 40 டிகிரி வாக்கிலேயே தீப்பிடிக்கிற ஆவியை விடும். நம்ம மே மாசத்துக்கு அது சாதாரண மத்தியானம். அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் பக்கத்துல கூடாது.

பரண் மேல இருக்கிற தாத்தா காலத்து டப்பாவைத் திறந்து சிக்கனம் பண்ணாதீங்க. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின டப்பாவுல என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும்? அதைத் தேய்ச்சு தூசி பறக்க விட்டா வீட்ல இருக்கிற குழந்தைதான் மூச்சு இழுக்கும்.

டர்பன்டைனைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. பார்க்கத் தண்ணி மாதிரியே இருக்கும். குழந்தை குடிச்சா அது நுரையீரலுக்குப் போறதுதான் ஆபத்து. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். பிரஷ் கழுவின அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில ஊத்தாதீங்க. பக்கத்துலயே செம்பரம்பாக்கம் ஏரி. சென்னையே குடிக்கிற தண்ணி. மூடி போட்ட கண்ணாடி ஜாடியில ஊத்தி ஒரு வாரம் வச்சா நிறம் எல்லாம் அடியில படியும். மேல தெளிஞ்சதை எடுத்து மறுபடியும் பிரஷ் கழுவலாம். இதுவும் பெரியப்பா டெக்னிக்தான். ஒரு லிட்டர் எனக்கு ஒரு வருஷம் வர்ற ரகசியம் அதுதான்.

போன மாசம் அந்தப் பையனை நானே போய்க் கூப்பிட்டேன். பெரியப்பாவும் இருந்தார். பஸ்ஸைக் கையில வாங்கி, லாரியைப் பார்க்கிற மாதிரியே கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பார்த்தார். இப்ப நம்ம அரசு பஸ்ஸுக்கு 2023லேர்ந்து மஞ்சள் அடிக்கிறாங்க இல்லையா, பையனுக்கும் அந்த மஞ்சள்தான் வேணுமாம்.

"தம்பி, மஞ்சள் சட்டுனு மூடாது. அடியில வெள்ளை ஒரு கோட்டு குடு. காயட்டும். நாளைக்கு வா, மஞ்சள் கலக்கலாம்"னார்.

"நாளைக்கா தாத்தா?"

"ஆமா, நாளைக்கு. அவசரப்பட்டா என்ன ஆகும்னு உங்க அண்ணனைக் கேளு."

அலமாரியிலேர்ந்து கரைஞ்ச டாங்கியை எடுத்துக் காட்டினேன். பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் வாசல்ல நின்னான்.

டிஸ்கி: வீட்ல இதைப் படிச்சா, மேல சொன்ன மூவாயிரம்ங்கிறது அச்சுப்பிழை. எண்ணூறுன்னு திருத்திப் படிக்கவும்.